இயந்திரத்துக்குக் குளிரக் கூடாது

நியூ ஹெஸ்ஸன் நகரமன்றம் எதையும் அவசரப்பட்டுச் செய்வதில்லை. ஆற்றுப் பாலத்துக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று அவர்கள் விவாதித்து முடிப்பதற்குள் பாலம் துருவேறித் தானாகவே ஒரு நிறத்துக்கு வந்து சேர்ந்தது. அந்த நிறத்தையே ஏகமனதாக ஏற்றுக்கொண்டார்கள். ஆகவே, ஒரே குளிர்காலத்தில் இரண்டு சட்டங்களைக் கையில் எடுக்கிறார்கள் என்று செய்தி வந்தபோது ஊரே சற்று நிமிர்ந்து உட்கார்ந்தது. ஒன்று, மதுக்கடைகளில் சூதாட்ட இயந்திரங்களை அனுமதிக்கும் சட்டம். மற்றொன்று, வாடகைக்கு விடும் வீடு குறைந்தபட்சம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் சட்டம்.

நான் அதுவரை மன்றக் கூட்டம் எதற்கும் போனதில்லை. ஹெல்விக் குடும்பத்தார் யாரிடமும் போய் முறையிடுவதில்லை. மெயின் தெருவும் ஆற்றுத் தெருவும் சேரும் முனையில் என் தாத்தா கட்டிய மூன்று மாடிச் செங்கல் கட்டிடம் நிற்கிறது. அதன் நெற்றியில் ‘ஹெல்விக் 1908’ என்று கல்லில் வெட்டியிருக்கிறது. ஊருக்குள் புதிதாக வருகிறவர்களுக்கு வழி சொல்வதே அந்தப் பெயரை வைத்துத்தான். தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கும், அப்பாவிடமிருந்து என் அண்ணன் ஓட்டோவுக்கும், ஓட்டோவிடமிருந்து அவன் மகன் கர்ட்டுக்கும் அது கைமாறியது. கீழே கர்ட்டின் மதுக்கடை, மேலே நான்கு வாடகை வீடுகள். கர்ட் நகரமன்ற உறுப்பினனும்கூட.

ஓட்டோ இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறான். ஞாயிறு தேவாலயம் முடிந்ததும் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அங்கே அவனைக் குளிப்பாட்டி, தலை துவட்டி, சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிறவள் டார்லா ப்ரூவிட். முப்பது வயதுக்குள்தான் இருப்பாள். அந்த ஜனவரியில் ஒரு ஞாயிறு, அவள் கை கழுத்தில் பட்டதும் ஓட்டோ கத்தினான்.

“ஐயோ, ஐஸு! அகஸ்டா, இவ கையப் பாரு, செத்தவ கை மாதிரி இருக்கு.”

“மன்னிச்சுக்கோங்க மிஸ்டர் ஹெல்விக்,” என்று டார்லா சிரித்தாள். “இது வீட்லேர்ந்து கூடவே வர்ற குளிரு. மத்தியானம் ஆனாத்தான் விடும்.”

“வீட்டில் அடுப்பு, கணப்பு எதுவும் இல்லையா?” என்று கேட்டேன். வேலைக்காரர்களின் வீட்டு விஷயத்தை நான் விசாரிப்பதில்லை. ஆனால் ஓட்டோ இன்னும் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“அது உங்களுக்குத்தான் தெரியணும், மிஸ் ஹெல்விக். உங்க பேர் போட்ட வீடுதானே.”

மறுநாளே படியேறிப் போனேன். அடுக்களையும் கூடமும் ஒன்றாக இருக்கும் ஒரு அறை, அதற்குள் புகுந்து போனால் ஒரு படுக்கையறை. கூரை ஒழுகும் இடத்தில் வாளி. வாளியில் மேல்தண்ணீர் உறைந்திருந்தது. அறையைச் சூடாக்க வேண்டிய வெப்பக் குழாயைத் தொட்டேன், அது சில்லிட்டிருந்தது, கையை உடனே எடுத்துக்கொண்டேன். டார்லாவின் மகள் ஜூனி, கோட்டும் கம்பளித் தொப்பியும் கையுறையும் மாட்டிக்கொண்டு, கதவு திறந்த அடுப்பின் முன்னால் உட்கார்ந்து படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். கையுறையோடு பென்சிலைப் பிடித்திருந்ததால் வண்ணம் கோட்டைத் தாண்டிப் போயிருந்தது. அவள் மூச்சு விடுவது அறையின் இந்தப் பக்கம் வரை கேட்டது.

“இழுப்பு,” என்றாள் டார்லா. “இந்தக் குளிர்காலத்துல ரெண்டு தடவ பியோரியா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடிட்டேன். குளிர்தான் காரணம், இவ இனிமே குளிர்ல படுக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்றாரு. அதுக்கு மருந்துக்கடைல என்ன வாங்கணும்னு மட்டும் அவரு எழுதித் தரல.”

அங்கிருந்து நேராக மதுக்கடைக்கு இறங்கினேன். கடை வெதுவெதுவென்று இருந்தது. கர்ட் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தான்.

“மேலே போற குழாயோட வால்வை மூடி வச்சிருக்கேன் அத்தை,” என்றான் மறைக்காமல். “அதத் தொறந்தா கீழ சூடு கொறஞ்சிடும். குடிக்கிறவன் கோட்டைக் கழட்டினாத்தானே இன்னொரு பீர் கேப்பான்? கோட்டோட உக்காந்திருக்கிறவன் வீட்டுக்குப் போற நெனப்புலயே இருப்பான்.”

“மேலே ஒரு குழந்தைக்கு மூச்சு முட்டுது, கர்ட்.”

“நான் கல்நெஞ்சக்காரன் இல்ல அத்தை. சட்டம் சொல்லட்டும், அன்னைக்கே தொறந்து விடுறேன். சட்டத்த மதிக்கிறதுல இந்த ஊர்ல என்ன மிஞ்சின ஆள் கிடையாது. அப்படி ஒரு சட்டம் இல்லையேன்னுதான் எனக்கும் வருத்தம்.”

சட்டம் கேட்க, டார்லாவையும் ஜூனியையும் அழைத்துக்கொண்டு, என் கறுப்பு உடையை அணிந்து கூட்டத்துக்குப் போனேன்.

கொடிக்கு வணக்கம் சொன்னோம். பிரார்த்தனை செய்தோம். சென்ற கூட்டத்தின் குறிப்பு படிக்கப்பட்டு ஏற்கப்பட்டது. அந்தக் குறிப்பில், அதற்கு முந்திய கூட்டத்தின் குறிப்பு ஏற்கப்பட்டதாக இருந்தது. இதெல்லாம் முடிந்தபோது கோட்டைக் கழற்றாதவள் ஜூனி மட்டும்தான். அவளுக்கு அது பழக்கமாகிவிட்டது.

முதலில் சூதாட்டச் சட்டம் வந்தது. நகர வழக்கறிஞர் ஸ்டாடர் எழுந்து, இயந்திரம் வைக்கும் அறை எப்படி இருக்க வேண்டும் என்ற பகுதியைப் படித்தார். அறையின் வெப்பம், கோட்டில்லாமல் இருக்கப் போதுமான அறுபத்தெட்டு ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே எந்த நேரத்திலும் இறங்கக் கூடாது. கூரை ஒழுகக் கூடாது. எலி நடமாட்டம் இருக்கக் கூடாது. ஈரம் இருக்கக் கூடாது. தீப்பிடித்தால் வெளியேற இரண்டு வழி வேண்டும். குறை எதுவும் தெரிந்தால் அன்றே சரிசெய்ய வேண்டும். நகர ஆய்வாளர் வாரந்தோறும் நேரில் வந்து பார்ப்பார்.

“எதுக்கு இவ்வளவு?” என்று மேயர் க்ரெப்ஸ் கேட்டார். அவர் மாட்டுத்தீவன வியாபாரி. எதற்கு எவ்வளவு போட வேண்டும் என்பதில் கருத்து உள்ளவர்.

“இயந்திரம் நுட்பமானதுங்க. குளிர் தாங்காது. ஈரம் ஏறினா உள்ளுக்குள்ள கெட்டுப்போயிடும். அப்புறம் எத்தனை பழுது பாத்தாலும் பழைய மாதிரி வராதுன்னு கம்பெனிக்காரங்க சொல்றாங்க.”

டார்லா ஜூனியின் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டாள்.

உறுப்பினர் பெவர்லி மூன் எழுந்தார். “நான் சூதாட்டத்துக்கு எதிரி. என் தேவாலயத்துல எல்லாருக்கும் அது தெரியும். ஆனா ஒண்ணை நம்ம ஊருக்குள்ள கூட்டிட்டு வந்துட்டு, அது வெறைக்கட்டும்னு விட்டுட்டுப் போறது மனுஷத்தனமில்ல. அதனால கனத்த மனசோட ஆதரிக்கிறேன்.”

ஏகமனதாக நிறைவேறியது. கைதட்டினார்கள்.

அடுத்து வாடகை வீட்டுச் சட்டம். ஸ்டாடர் சிக்கனமான மனிதர். இரண்டு சட்டங்களுக்கும் ஒரே வாசகத்தையே பயன்படுத்தியிருந்தார். ‘இயந்திரம்’ என்று இருந்த இடத்தில் ‘குடியிருப்பவர்’ என்று மாற்றியிருந்தார், அவ்வளவுதான். அவர் வெப்பத்தைப் பற்றிய வரியைப் படித்ததும் கர்ட் கையை உயர்த்தினான்.

“ஒருத்தரோட வீடு அவரோட கோட்டை,” என்றான். அவன் குரல் தழுதழுத்தது. “என் தாத்தாவோட அப்பா இந்த நாட்டுக்கு வந்ததே, கவர்மென்ட்டுக்காரன் தெர்மாமீட்டரைத் தூக்கிட்டு அடுக்களைக்குள்ள வரக் கூடாதுன்னுதான். ஒரு தாய், தன் குழந்தையோட, தன் வீட்ல, தனக்கு எவ்வளவு குளிர் வேணும்னு தானே முடிவு பண்ணிக்கிற சுதந்திரத்த நான் பறிக்க மாட்டேன்.”

என் தாத்தா இந்த நாட்டுக்கு வந்ததற்குக் காரணம், அவர் ஊரில் அவருக்கிருந்த பங்கு நிலம் ஒரு வண்டியை நிறுத்தக்கூடப் போதாமல் இருந்ததுதான். அதைச் சொல்ல எழுந்தேன். என் முறை இன்னும் வரவில்லை என்று உட்கார வைத்தார்கள்.

“நமக்கிருக்கிற ஆய்வாளர் ஒருத்தர்தான்,” என்றார் மேயர். “அவரு வாரா வாரம் இயந்திரத்தப் பாக்கப் போயிட்டா, வீட்டைப் பாக்க ஆளு ஏது? அதோட, குளிர்னா என்ன? எனக்குக் குளுர்றது பெவர்லிக்குக் குளுராது.”

“எனக்கு எப்பவுமே வேர்க்கும்,” என்று பெவர்லி மூன் ஒப்புக்கொண்டார்.

குளிர் என்றால் என்ன என்று ஆராய்ந்து சொல்ல ஒரு துணைக்குழு அமைத்தார்கள். துணைக்குழு அவசரமில்லாமல் வேலை செய்து ஜூலை மாதம் அறிக்கை தர வேண்டும் என்று தீர்மானமாயிற்று.

பிறகு பொதுமக்கள் பேசும் நேரம் வந்தது. பேசுகிறவர் முன்னால் ஒரு சிறு விளக்கு இருக்கும். பச்சை எரிந்தால் பேசலாம், சிவப்பு எரிந்தால் நிறுத்த வேண்டும். நான் விளக்கைப் பார்க்கவில்லை, கர்ட்டைப் பார்த்தேன்.

“மேயர் அவர்களே,” என்றேன். “நான் அகஸ்டா ஹெல்விக். இந்தப் பெண் என் அண்ணனைக் குளிப்பாட்டுறவ. இவ குழந்தை என் குடும்பத்துப் பேருக்குக் கீழே மூச்சு விட முடியாமப் படுத்திருக்கு. அதுக்குச் சட்டம் இல்லேன்னு சொல்றீங்க. இயந்திரத்துக்கு இருக்கு. சரி, அப்படின்னா இவ அடுக்களையில ஒரு சூதாட்ட இயந்திரத்தைக் கொண்டு வந்து வையுங்க. அதுக்குக் குளிராம நீங்க பாத்துக்கிட்டா, பக்கத்துல இந்தக் குழந்தையும் படுத்துக்கும்.”

அவையில் யாருக்காவது முகம் சிவக்கும் என்று எதிர்பார்த்தேன். யாருக்கும் சிவக்கவில்லை. ஸ்டாடர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கங்களைப் புரட்டினார்.

“செய்யலாமே,” என்றார்.

“கீழ கடைக்கு ஆறு இயந்திரத்துக்கு மேல கூடாது,” என்று கர்ட் மெல்லச் சொன்னான். “மேல்மாடி தனிக் கணக்குல வருமா?”

“மேல்மாடி தனிதான். அந்த அறைய உங்க கடையோட கிளைன்னு பதிஞ்சிடலாம். கூட ஒரு இயந்திரம் தாராளமா வைக்கலாம்.”

“அப்போ மிஸ் ஹெல்விக்கோட யோசனைய நான் தீர்மானமாவே முன்மொழியிறேன்.”

“நான் ஏளனமாகச் சொன்னேன்!” என்றேன். ஹெல்விக்குகள் பொது இடத்தில் குரலை உயர்த்துவதில்லை. அன்று உயர்த்தினேன்.

“சிவப்பு எரியுதுங்க மேடம்,” என்றார் எழுத்தர்.

நிறைவேறியது. பெவர்லி மூன் கூட்டம் முடிந்ததும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, ஊருக்காக யோசிக்கிற பெரியவர்கள் இப்போது குறைந்துவிட்டார்கள் என்றார்.

வெளியே படிக்கட்டில் டார்லா எனக்காகக் காத்து நின்றாள்.

“சூடு வருமா, மிஸ் ஹெல்விக்?” என்று கேட்டாள்.

“சட்டப்படி வந்தாகணும்.”

“அப்போ யானையக் கொண்டு வந்து கட்டினாலும் எனக்குச் சம்மதம்.”

அந்த வாரமே கூரைக்காரர்கள் வந்தார்கள். எலி பிடிக்கிறவன் வந்தான். பல வருடங்களாக உடைந்து தொங்கிக்கொண்டிருந்த, தீப்பிடித்தால் தப்பி இறங்கும் வெளி ஏணியைப் புதிதாக மாற்றினார்கள். கர்ட் நிலவறைக்கு இறங்கி வால்வைத் திறந்தான். டார்லா முதியோர் இல்லத்திலிருந்து எனக்குத் தொலைபேசியில் பேசினாள். அவள் அப்படிப் பேசுவது அதுதான் முதல் தடவை.

“ஜூனி சாக்ஸ் இல்லாம வீட்டுக்குள்ள நடக்குறா மிஸ் ஹெல்விக். வெறுங்காலோட. நான் பாத்துக்கிட்டே நின்னேன், வேலைக்கு நேரமாயிடுச்சு.”

நான் போய்ப் பார்த்தேன். அடுப்புக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவில் இயந்திரம் நின்றது. அதன் நெற்றியில் மீசை முறுக்கிய ஒரு கெளுத்தி மீனின் விளக்குப் படம் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. யாரும் தொடாவிட்டால், ஆள் கூப்பிடுவதற்காகச் சற்று நேரத்துக்கொரு தரம் ஒரு பாட்டுப் பாடும். ஜூனி அந்தப் பாட்டுக்கு வார்த்தைகள் போட்டு வைத்திருந்தாள். கோட்டு ஆணியில் தொங்கியது. அவள் மூச்சு கேட்கவில்லை. நான் அதைக் கேட்பதற்காகவே கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன், அப்போதும் கேட்கவில்லை.

மதுக்கடையிலிருந்து ஆட்கள் படியேறி வருவார்கள். ஒரு பெண்ணின் அடுக்களை என்பதால் தொப்பியைக் கழற்றிவிட்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்து பணத்தை இழப்பார்கள். டார்லா அவர்கள் முதுகுக்குப் பின்னால் மக்ரோனி கிண்டுவாள். “உப்புப் போட்டாச்சா?” என்று ஒருவன் திரும்பாமலே கேட்டான். “நீ உன் மீனைப் பாரு,” என்றாள் அவள்.

ஆய்வாளர் வர்ஜில் வாரந்தோறும் வெப்பமானியோடு வந்தார். நல்ல மனிதர். இயந்திரத்தின் நெற்றியிலும் முதுகிலும் வைத்துப் பார்ப்பார்.

“குழந்த படுக்கிற ரூம் என் அதிகாரத்துல வராதும்மா,” என்பார். “ஆனா கதவத் தொறந்தே வையி. இதுக்குக் காத்தோட்டம் வேணும்னு நான் எழுதிக்கிறேன்.”

ஒரு நாள் குழாய் மறுபடி ஆறிப்போனபோது டார்லா கர்ட்டைக் கூப்பிடவில்லை. இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த கம்பெனியின் தொலைபேசி எண்ணைக் கூப்பிட்டு, மீன் சோர்வாக இருக்கிறது, கண் சிமிட்டவில்லை என்றாள். ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் போர்வைகூடக் கொண்டு வந்திருந்தான். அது இயந்திரத்துக்கு.

செய்தி ஊரில் பரவியது. அடுத்த கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் வரிசை கதவைத் தாண்டி வாசல் வரை நின்றது. எல்லோரும் வாடகைக்குக் குடியிருப்பவர்கள். எல்லோரும் இயந்திரம் கேட்டார்கள்.

“நான் பாப்டிஸ்ட்டுங்க,” என்றார் தபால்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு கிழவர். “ஆயுசுல சீட்டைத் தொட்டதில்ல. ஆனா என் கக்கூஸ் குழாய் உறைஞ்சு பத்து நாளாச்சு. சின்ன இயந்திரமா இருந்தாலும் பரவால்ல. ஓரமா வச்சுக்கிறேன்.”

மேயர் க்ரெப்ஸ் மேடையிலிருந்து அந்த வரிசையைப் பார்த்தார். அவர் கண்கள் கலங்கின.

“சூதாட்டத்த ஜனங்க ஏத்துக்க மாட்டாங்கன்னு எழுதுன பத்திரிகைக்காரங்க இன்னைக்கு வந்து பாக்கணும்,” என்றார். “இவ்வளவு ஆதரவு இந்த மன்றத்துல எந்தச் சட்டத்துக்கும் வந்ததில்ல. அதோட பாருங்க, வீட்டுப் பிரச்சினையும் நாம கை வைக்காமலே தீந்துபோச்சு. அதனால குளிரப் பத்தி ஆராயிற துணைக்குழுவ நன்றியோட கலைச்சிடலாம்.”

துணைக்குழு நன்றியோடு கலைக்கப்பட்டது. அது ஒருமுறைகூடக் கூடியிருக்கவில்லை. அவர்கள் கூட வேண்டிய அறையில் கணப்பு வேலை செய்யாததுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது.

மனு கொடுத்தவர்களுக்கு இயந்திரம் கிடைக்கவில்லை. மதுக்கடை இருக்கும் கட்டிடத்துக்குத்தான் உரிமம் உண்டு என்று ஸ்டாடர் விளக்கினார். கிழவர் தொப்பியை மாட்டிக்கொண்டு போனார்.

மார்ச் மாதத் தொடக்கத்தில், பனி இன்னும் தெருவோரம் சாம்பலாகக் குவிந்து கிடந்தபோது, மாநிலத்திலிருந்து வந்த ஒரு அதிகாரி வர்ஜிலோடு படியேறினார். ஜூனி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். அதிகாரி வெப்பமானியைப் பார்க்கவில்லை, ஜூனியைப் பார்த்தார். இயந்திரம் இருக்கும் அறையில் இருபத்தொரு வயதுக்கு உட்பட்டவர்கள் இருக்கக் கூடாது என்பது மாநிலச் சட்டம்.

மன்றம் அவசரமாகக் கூடியது. அது அவசரமாகக் கூடி நான் பார்த்தது அன்றுதான்.

“பொண்ணு அந்த அறைக்குள்ள போகாமலே இருந்துக்கட்டுமே,” என்றார் மேயர்.

“படுக்கையறைக்கே அது வழியாத்தான் போகணும்,” என்றார் வர்ஜில். “சாப்பாட்டு மேசையும் அங்கதான் இருக்கு. கழிப்பறையும் அந்தப் பக்கம்தான்.”

யோசனைகள் வந்தன. நடுவில் இடுப்பளவு ஒரு தடுப்பு வைக்கலாம் என்றார் ஒருவர். குழந்தையின் தலை அதற்கு மேல் தெரியக் கூடாது என்றார் ஸ்டாடர், அவள் வளர்ந்தால் தடுப்பையும் வளர்க்க வேண்டியிருக்கும். கண்ணைக் கட்டி அழைத்துக்கொண்டு போகலாமா என்றார் இன்னொருவர். புதிதாகப் போட்ட வெளி ஏணி வழியே அவள் ஜன்னலில் ஏறி இறங்கலாம் என்று கர்ட் சொன்னான். ஏணிக்குத் தான் செலவழித்ததை அவையோர் மறக்கக் கூடாது என்றும் சேர்த்துக்கொண்டான்.

“பனியில ஏணில ஏற அவளுக்கு மூச்சு வராது,” என்றாள் டார்லா. அவள் முறை வரவில்லை என்று சொன்னார்கள்.

மேயர் முன்னால் குனிந்து, நாய்க்குட்டியிடம் பேசுகிற குரலில் கேட்டார். “பாப்பா, உனக்கு என்ன வயசு?”

“ஆறரை,” என்றாள் ஜூனி பெருமையாக.

மேயர் நாற்காலியில் சாய்ந்தார். “அவளே ஒத்துக்கிட்டா.”

நான் எழுந்தேன். பச்சை விளக்கு எரிய வேண்டும் என்று காத்திருக்கவில்லை.

“இயந்திரத்தை வெளியே எடுங்க. குழந்தைய இருக்க விடுங்க. இதுல யோசிக்க என்ன இருக்கு?”

“எடுக்கலாம் மிஸ் ஹெல்விக்,” என்றார் ஸ்டாடர், ஒரு நோயாளிக்கு விளக்குவது போல. “ஆனா இயந்திரத்தோட ஒப்பந்தம் அஞ்சு வருஷம். எடுத்தா அதே வசதியோட அதுக்கு வேற இடம் ஏற்பாடு பண்ணிக் கொடுக்கணும். இவங்க மாச வாடகைக்கு இருக்கிறவங்க. முன்கூட்டி ஒரு மாசம் சொன்னாப் போதும். இவங்களுக்கு இடம் ஏற்பாடு பண்ணணும்னு எங்கயும் எழுதல.”

“எழுதியிருக்கலாம்,” என்றேன். “ஜனவரியில எழுதத்தான் வந்தோம்.”

“அந்தத் துணைக்குழு இப்போ இல்லையே,” என்றார் மேயர் வருத்தமாக.

பெவர்லி மூன் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அந்தக் குழந்தைக்கு இருபத்தொண்ணு ஆகுற வரைக்கும் யாராவது சொந்தக்காரங்க வீட்ல இருக்கக் கூடாதா? அப்புறம் ஜம்முன்னு திரும்பி வரலாம். கதவு எப்பவும் தொறந்திருக்கும்.”

கர்ட்டைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்காமல் பேசினான்.

“டார்லா மேல எனக்கு ரொம்ப மரியாத இருக்கு. எங்கப்பாவக் குளிப்பாட்டுறவ. எங்க குடும்பம் அத மறக்காது. ஆனா சட்டம்னு ஒண்ணு வந்துட்டா நான் அதுக்குக் கட்டுப்பட்டவன். அத்தைக்குத் தெரியும், முதல் நாளே சொன்னேன்.”

உண்மைதான். முதல் நாளே சொல்லியிருந்தான். இயந்திரம் இருக்கட்டும், டார்லாவுக்கு ஒரு மாத அவகாசம் என்று கைகள் உயர்ந்தன. ஏகமனது.

டார்லாவும் ஜூனியும் சாமான் கட்டும் நாளன்று நான் போனேன். என் வீடு குன்றின் மேல் இருக்கிறது. மாடியில் யாரும் படுக்காத அறைகள் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் வெப்பக் குழாய் உண்டு. யாரையும் வீட்டில் வந்து தங்கும்படி நான் ஆயுளில் கேட்டதில்லை. எப்படிக் கேட்பதென்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

“என் வீட்டுக்கு வந்துடு,” என்றேன் டார்லாவிடம். “நீயும் குழந்தையும். வாடகை பேச்சே வேண்டாம்.”

அவள் கையில் வாளி இருந்தது, அதே வாளி. அதற்குள் ஜூனியின் வண்ணப் பென்சில்களைப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“உங்க மனசு நல்லது, மிஸ் ஹெல்விக். ஆனா வேணாம்.”

“ஏன்?”

“நாலு வருஷம் உங்க பேருக்கு அடியில இருந்துட்டேன். போதும்னு தோணுது.”

ஜூனி இயந்திரத்துக்குக் கையசைத்துவிட்டு இறங்கினாள். ஆற்றுக்கு அக்கரையில் டார்லாவின் அக்காவுக்குச் சக்கரம் வைத்த ஒரு டிரெய்லர் வீடு இருக்கிறது. மண்ணெண்ணெய்க் கணப்பு, புகை வரும். இழுப்புக்கு அது எப்படி என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இன்றும் அவள்தான் ஓட்டோவைக் குளிப்பாட்டுகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் உட்கார்ந்திருக்கும்போதே அவன் கத்துகிறான், ஐஸு, ஐஸு என்று. நாங்கள் இரண்டு பேரும் கேட்காதது போல இருக்கிறோம்.

ஏப்ரல் கூட்டத்தில் நான் ஒரு கோரிக்கை வைத்தேன். அந்தக் கட்டிடத்தின் நெற்றியில் இருக்கும் பெயரை வெட்டி எடுக்க வேண்டும், செலவு என்னுடையது. மன்றம் திகைத்துப் போயிற்று. அது பழமையான முகப்பு, பாதுகாக்கப்பட்டது. அந்த எழுத்துகளில் ஒரு கீறல் விழக் கூடாது, வசந்தந்தோறும் மெல்லிய தூரிகையால் கழுவ வேண்டும், உறைபனியில் வெடிக்காமல் பூச்சுப் பூச வேண்டும் என்று ஏற்கனவே சட்டம் இருக்கிறது. மேயர் எழுந்து நின்று, ஹெல்விக் என்ற பெயருக்கு இந்த ஊரில் எந்தக் குறையும் வராமல் மன்றம் பார்த்துக்கொள்ளும் என்று உறுதி கூறினார்.

அன்று கூட்டத்திலிருந்து வீட்டுக்குப் போகவில்லை. மழையும் பனியும் கலந்து பெய்துகொண்டிருந்தது. முனையில் நின்று மேலே பார்த்தேன். மேல்மாடி ஜன்னல் பளிச்சென்று இருந்தது. படியேறினேன்.

அடுப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். கெளுத்தி மீன் கண் சிமிட்டியது. ஜூனி கோட்டு மாட்டிய ஆணி மட்டும் கதவருகே அப்படியே இருந்தது. கம்பெனி வெளியூரிலிருந்து அனுப்பியிருந்த ஒரு பெண் வாசலில் உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை. வெறும் அறையைப் பார்த்து இயந்திரம் பாடத் தொடங்கியது. ஜூனி அதற்குப் போட்டிருந்த வார்த்தைகளை நினைவுபடுத்திப் பார்த்தேன், முதல் வரிக்கு மேல் வரவில்லை.

“வயசுக்கு ஏதாவது அத்தாட்சி காட்டணும் மேடம்,” என்றாள் அந்தப் பெண். “யாரா இருந்தாலும் கேக்கணும்னு சட்டம். தப்பா நெனைக்காதீங்க.”

எழுபத்தெட்டு வயதில் நான் என் ஓட்டுநர் உரிமத்தை எடுத்துக் கொடுத்தேன். அவள் பெயரைப் படித்தாள். மறுபடி படித்தாள். ஊசியைக் கீழே வைத்துவிட்டு மரியாதையாக எழுந்து நின்றாள்.

“ஹெல்விக்கா? வெளிய மேல எழுதியிருக்கே, அந்த ஹெல்விக்கா?”

“ஆமாம்,” என்றேன்.

அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஒழுகாத கூரையை, சூடான குழாயை, வெறும் ஆணியை. குளிரில் வந்த என் கோட்டைக் கழற்றி வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள்.

“உங்க வீட்ட நல்லா கதகதப்பா வச்சிருக்கீங்க, மேடம்.”